சிட் பாரெட்டும் அவருடைய புத்தக அலமாரியும்

சிட் பாரெட் பற்றி யாரிடமாவது பேச்செடுத்தால் இரண்டே நிமிடத்தில் அது எல்.எஸ்.டி.யில் போய் நின்றுவிடும். பிங்க் ஃப்ளாய்ட் என்ற பிரிட்டிஷ் ராக் குழுவை ஆரம்பித்தவர், போதை மருந்தில் புத்தி கலங்கியவர், அப்புறம் ஊருக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு முப்பது வருஷம் யாரிடமும் பேசாமல் இருந்தவர், அவ்வளவுதான் கதை. எனக்கும் முதலில் வந்து சேர்ந்தது இந்தக் கதைதான், பாட்டு பின்னால்தான் வந்தது. ஆனால் பாட்டுகளைத் திரும்பத் திரும்பக் கேட்டு, கிட்டாரில் வாசித்துப் பார்த்து, அவர் படித்த புத்தகங்களையும் தேடிப்பிடித்துப் பக்கத்தில் வைத்துக்கொண்ட பிறகு அந்தக் கதையில் எனக்கு இருந்த சுவாரஸ்யம் போய்விட்டது. சித்தர் மாதிரி, ஞானி மாதிரி, போதையில் எதையோ கண்டுவிட்டவர் மாதிரி அவரை வைத்துக் கும்பிடுகிறார்கள் இல்லையா, அந்தப் பாட்டுகளைக் கேட்பதற்கு அதுதான் பெரிய தடை என்று இப்போது தோன்றுகிறது. அவர் மறைஞானத்தை எங்கிருந்து எடுத்தார் என்று பார்த்தால் முக்கால்வாசி புத்தக அலமாரியிலிருந்துதான். அதிலும் பாதி குழந்தைகள் புத்தகம்.

முதலில் ஆளைப் பற்றிச் சுருக்கமாக. ரோஜர் கீத் பாரெட், 1946 ஜனவரி 6ஆம் தேதி கேம்பிரிட்ஜில் பிறந்தவர். அப்பா மருத்துவர், நோயியல் துறை. பையனுக்குப் பதினைந்து வயதாக இருக்கும்போது, 1961 டிசம்பரில் இறந்துபோனார். பள்ளியில் ரோஜர் வாட்டர்ஸ், கலைக் கல்லூரிக்காகப் போன இடத்தில் டேவிட் கில்மோர் (இருவரும் பின்னாளில் பிங்க் ஃப்ளாய்டில் வாசித்தவர்கள்), அப்புறம் லண்டனில் கேம்பர்வெல் ஓவியக் கல்லூரி. அடிப்படையில் அவர் ஓவியர், இதை மறந்துவிட வேண்டாம். பிங்க் ஃப்ளாய்ட் என்ற பெயர்கூட பிங்க் ஆண்டர்சன், ஃப்ளாய்ட் கவுன்சில் என்ற இரண்டு அமெரிக்க ப்ளூஸ் கலைஞர்களின் பெயரை ஓர் இசைத்தட்டு உறைக் குறிப்பில் பார்த்து இவர் ஒட்டி வைத்தது. ஏதோ தரிசனத்தில் கிடைத்த பெயர் என்று நினைத்துக்கொண்டிருந்த நண்பர்கள் எனக்கு உண்டு.

நான் உள்ளே வந்தது பலரையும் போல 'டார்க் சைட் ஆஃப் த மூன்' வழியாக. அங்கிருந்து பின்னோக்கிப் போய் 1967இன் முதல் ஆல்பமான 'த பைப்பர் அட் த கேட்ஸ் ஆஃப் டான்' கேட்டபோது, நேர்மையாகச் சொன்னால், ஏமாற்றம். குள்ளன், சோளக்கொல்லைப் பொம்மை, பூனை, சைக்கிள் என்று நர்சரிப் பாட்டு மாதிரி ஒரு பக்கம். ஒன்பதே முக்கால் நிமிடம் இரைச்சலாக ஓடும் 'இன்டர்ஸ்டெல்லர் ஓவர்டிரைவ்' இன்னொரு பக்கம். இந்த இரண்டுக்கும் என்ன சம்பந்தம் என்றே பிடிபடவில்லை. பிடிபட வைத்த பாட்டு 'சாப்டர் 24'.

அந்தப் பாட்டைச் சும்மா கேட்டால் போதையில் இருக்கும் ஒருவர் எதையோ உளறுகிற மாதிரி இருக்கும். மாறுதல், திரும்பி வருதல், வெற்றி, ஆறு கட்டம், ஏழாவது, அப்புறம் சூரிய அஸ்தமனம், சூரிய உதயம். இதை விண்வெளி ஞானம் என்று விளக்கி எழுதியவர்களை நிறையப் படித்திருக்கிறேன். விஷயம் ரொம்ப எளிது: அது சீனத்தின் பழைய நூலான ஐ சிங்கின் இருபத்துநான்காம் அத்தியாயம். மேற்கே அப்போது பலர் கையிலும் இருந்தது ரிச்சர்ட் வில்ஹெல்ம் ஜெர்மனில் செய்த மொழிபெயர்ப்பின் ஆங்கில வடிவம், 1950இல் கார்ல் யுங்கின் முன்னுரையோடு வந்தது. அதை வாங்கி அந்த அத்தியாயத்தைத் திறந்து வைத்துக்கொண்டு பாட்டைப் போட்டேன். கிட்டத்தட்ட வரிக்கு வரி அங்கே இருக்கிறது. பாரெட் சொந்தமாக எழுதியது ரொம்பக் கம்மி. வெட்டி, அடுக்கி, மெட்டுப் போட்டிருக்கிறார். ஓவியக் கல்லூரியில் பத்திரிகைப் படங்களை வெட்டி ஒட்டி கொலாஜ் செய்வார்களே, அந்த வேலை.

ஐ சிங் தெரியாதவர்களுக்கு: அதில் மொத்தம் 64 உருவங்கள், ஒவ்வொன்றிலும் ஆறு கோடுகள், கோடு ஒன்று முழுசாக இருக்கும் அல்லது நடுவில் உடைந்திருக்கும். மூன்று காசுகளை ஆறு முறை போட்டு, கீழிருந்து மேலாக ஒவ்வொரு கோடாக வரைந்துகொண்டு போக வேண்டும். தலை விழுந்தால் 3, பூ விழுந்தால் 2, மூன்றையும் கூட்டினால் 6, 7, 8, 9இல் ஏதோ ஒன்று வரும். ஏழு என்றால் முழுக்கோடு, எட்டு என்றால் உடைந்த கோடு, ஆறும் ஒன்பதும் மாறப்போகும் கோடுகள். கணக்குப் போட்டால் எட்டில் மூன்று பங்கு ஏழு, எட்டில் மூன்று பங்கு எட்டு, ஆறும் ஒன்பதும் ஆளுக்கு எட்டில் ஒரு பங்கு. இருபத்துநான்காவது உருவத்தின் பொருள் திரும்புதல். மேலே ஐந்தும் உடைந்த கோடு, அடியில் ஒன்றே ஒன்று முழுக்கோடு. பூமிக்கு அடியில் இடி என்று விளக்கம். இதற்கு முந்தைய இருபத்துமூன்றாவது உருவம் நேர் எதிர்: ஐந்து உடைந்த கோடுகளுக்கு மேல் ஒரே ஒரு முழுக்கோடு, அதுவும் விழப்போகிறது. மேலே உதிர்ந்தது கீழே முளைக்கிறது, எதையும் ஒரேயடியாக அழித்துவிட முடியாது என்று உரை சொல்லும். பாட்டிலும் அது வருகிறது. ஆறு பேரிருளின் எண், அதோடு ஒன்று சேர்ந்தால் ஏழு, ஏழு இளம் ஒளியின் எண். கோடைகாலத்தின் மிக நீண்ட பகலிலிருந்து ஏழாவது மாதத்தில் குளிர்காலத்தின் மிகக் குறுகிய பகல் வரும், அங்கிருந்து பகல் வளர ஆரம்பிக்கும். சீனக் கணக்கில் நாளுக்குப் பன்னிரண்டு இரட்டை மணி, அஸ்தமனத்திலிருந்து ஏழாவது இரட்டை மணியில் உதயம். பாட்டில் அஸ்தமனம், உதயம் என்று திரும்பத் திரும்ப வருகிறதே, அது இதுதான்.

இதைப் படித்த பிறகு அந்தப் பாட்டு எனக்குச் சப்பென்று ஆகிவிடும் என்றுதான் நினைத்தேன். ஆகவில்லை, இன்னும் பிடித்துப்போனது. உரைநடையாக இருந்த ஒரு விளக்கத்தில் எந்த வாக்கியம் பாடுவதற்கு வரும், எது வராது என்று அந்த இருபத்தோரு வயதுப் பையனுக்குக் காது சொல்லியிருக்கிறது. குறி கேட்கும் நூலிலிருந்து தன் எதிர்காலத்தைக் கேட்காமல் ஒரு பாட்டைக் கேட்டு வாங்கியிருக்கிறார். (ஃப்ளாய்டை வளர்த்த யு.எஃப்.ஓ. கிளப் லண்டன் டாட்டன்ஹாம் கோர்ட் ரோட்டில் தொடங்கிய தேதி 1966 டிசம்பர் 23, குறுகிய பகலுக்கு மறுநாள். தற்செயல்தான், ஆனால் இந்தப் பாட்டின் ரசிகர்களிடம் மட்டும் சொல்லிவிடாதீர்கள், அதில் ஒரு தத்துவம் கண்டுபிடித்துவிடுவார்கள்.)

எனவே என்னிடம் கேட்டால் சொல்லும் முதல் வழி இதுதான்: விளக்கக் கட்டுரைகளைப் படிப்பதற்கு முன் மூலத்தைப் படியுங்கள். பெரிய உழைப்பு ஒன்றும் இல்லை, ஐ சிங்கில் அந்த ஓர் அத்தியாயம் நாலைந்து பக்கம். காசு போட்டுப் பார்க்க ஆசை வந்தால் போட்டும் பாருங்கள், ஏன் ஏழு இளம் எண் என்பது கையால் செய்யும்போது உடனே புரியும்.

அடுத்து ஆல்பத்தின் பெயர். அது கென்னத் கிரஹாம் 1908இல் எழுதிய 'த விண்ட் இன் த வில்லோஸ்' என்ற குழந்தைகள் நாவலின் ஏழாவது அத்தியாயத்தின் தலைப்பு. எலியும் மோலும் (மண்ணுக்குள் வளை தோண்டி வாழும் அந்தச் சின்ன விலங்கு) காணாமல்போன நீர்நாய்க் குட்டியைத் தேடி ராத்திரி முழுக்க ஆற்றில் படகோட்டிப் போகின்றன. விடிகிற நேரத்தில் ஒரு குழலோசை. அதைப் பின்தொடர்ந்து ஒரு தீவில் இறங்கினால் அங்கே ஆட்டுக்காலும் கொம்புமாக பான் என்ற கிரேக்கத் தெய்வம், அதன் காலடியில் குட்டி தூங்கிக்கொண்டிருக்கிறது. பார்த்த அடுத்த கணம் தெய்வம் மறைந்துவிடும், கூடவே பார்த்த ஞாபகத்தையும் அழித்துவிட்டுப் போகும், ஏனென்றால் அந்தப் பேரழகு ஞாபகத்தில் இருந்தால் மிச்ச வாழ்நாள் முழுக்க எதுவும் ருசிக்காது. முயல், எலி, தேரை காரோட்டும் கதைக்கு நடுவே இப்படி ஓர் அத்தியாயம்! குழந்தைகள் புத்தகத்துக்குள் திடீரென்று ஒரு கோயில் வாசல் திறக்கிற மாதிரி இருக்கும். அதைப் படித்தபோதுதான் ஆல்பத்தில் குள்ளன் பாட்டும் விண்வெளிப் பாட்டும் ஏன் அடுத்தடுத்து இருக்கின்றன என்று எனக்கு விளங்கியது. கிரஹாமின் புத்தகமும் அப்படித்தானே இருக்கிறது. பாரெட்டுக்கு விளையாட்டு ஒரு பக்கம், பக்தி ஒரு பக்கம் என்று தனித்தனியாக இல்லை.

'மட்டில்டா மதர்' பாட்டுக்கும் இப்படி ஒரு பின்கதை. அம்மா கதை படித்துக் காட்டுகிறாள், பாதியில் நிறுத்திவிடுகிறாள், பிள்ளை இன்னும் சொல்லு என்கிறது. முதலில் பாரெட் இதற்கு ஆங்கிலக் கவிஞர் ஹிலேர் பெல்லாக்கின் குழந்தைப் பாடல்களையே எடுத்து வைத்திருந்தார், உரிமை வைத்திருந்தவர்கள் அனுமதி தரவில்லை, அதனால் சொந்தமாக வரிகள் எழுத வேண்டியதாயிற்று. பெல்லாக் வரிகளோடு இருக்கும் பழைய பதிவு பின்னாளில் வெளிவந்தது, இரண்டையும் அடுத்தடுத்துக் கேளுங்கள். எழுதுகிறவர்களுக்கு இது நல்ல பாடம் என்பேன்: அனுமதி மறுக்கப்பட்ட பிறகு எழுதியதுதான் மேல். முதல் தனி ஆல்பத்தில் 'கோல்டன் ஹேர்' என்று ஒன்று இருக்கிறது, அது ஜேம்ஸ் ஜாய்ஸின் கவிதை. இப்படிப் பார்த்துக்கொண்டே போனால் அலமாரி நிறைந்துவிடும்.

இனி இந்தியா சம்பந்தப்பட்ட விஷயம், அதாவது எல்லோரும் பெரிதாகப் பேசும் குரு கதை. அறுபதுகளின் நடுவில் கேம்பிரிட்ஜ் நண்பர் கூட்டத்தில் சிலர் சந்த் மத் மார்க்கத்தின் பக்கம் போனார்கள். பஞ்சாபில் பியாஸ் ஆற்றங்கரையில் 1891இல் தொடங்கிய ராதா சுவாமி சத்சங், அப்போதைய குரு மகாராஜ் சரண் சிங். உள்ளே ஒலிக்கும் ஒலியைக் கேட்பதுதான் அவர்களின் தியானம். நமக்கு இது புதிதில்லை, திருமூலர் திருமந்திரத்தில் மணி, கடல், யானை, குழல் என்று பத்து வகை ஓசைகளைச் சொல்கிறார். தீட்சை வாங்க வேண்டுமானால் சைவ உணவு, மது, போதை கூடாது, தினமும் இரண்டரை மணி நேரம் தியானம். லண்டன் வந்திருந்த குருவிடம் பாரெட் தீட்சை கேட்டார். நீ இன்னும் மாணவன், முதலில் படிப்பை முடி என்று சொல்லி அனுப்பிவிட்டார் குரு.

இந்த மறுப்புதான் அவரை உடைத்தது, அதனால்தான் போதைப் பக்கம் போனார் என்று எழுதுகிறவர்கள் உண்டு. எனக்கு இதில் நம்பிக்கை இல்லை. ஒரு பத்தொன்பது வயதுப் பையனிடம் போய்ப் படிப்பை முடி என்று சொன்னது நம்மூர்த் தாத்தா யாரும் சொல்லக்கூடியதுதான், அதில் சாபம் எதுவும் இல்லை. நான் இன்னொன்றையும் தேடிப் பார்த்தேன். அந்த மார்க்கத்தின் சொற்கள், கருத்துகள் அவருடைய பாட்டுகளில் எங்காவது இருக்கிறதா என்று வரி வரியாகப் போனேன். எனக்கு அகப்படவில்லை. மனசார நாடிப்போன இடம் பாட்டில் தடயமே விடாமல் போயிருக்கிறது, கையில் கிடைத்த ஒரு புத்தகம் முழுப் பாட்டாக மாறியிருக்கிறது. கலைஞர்களின் ஆன்மிகத் தாக்கங்கள் பற்றி எழுதுகிறவர்கள் குருவையும் ஆசிரமத்தையும் தேடிக்கொண்டு போகிறார்கள், அது தப்பு என்று சொல்லமாட்டேன், ஆனால் பாரெட் விஷயத்தில் அங்கே ஒன்றும் இல்லை.

'அஸ்ட்ரானமி டாமினி' வேறு மாதிரி. தலைப்பிலேயே லத்தீன் வழிபாட்டு வாடை, ஆனால் மந்திரமாக உச்சரிப்பது எதை என்றால் வியாழன், சனி, நெப்டியூன், யுரேனஸின் நிலவுகளான ஓபரான், மிராண்டா, டைட்டானியா. பாட்டின் தொடக்கத்தில் மெகாபோன் வழியாக ஏதோ கோளில் இருந்து வருவது போலக் கேட்கும் குரல் அவர்களுடைய மேலாளர் பீட்டர் ஜென்னர். இதே பாட்டில் டான் டேர் என்ற காமிக்ஸ் நாயகனும் வருகிறான். மறுபடியும் அதே கலவை பாருங்கள், கோயில் பாஷை, பள்ளிக்கூட வானவியல், காமிக்ஸ்.

சரி, கிட்டாருக்கு வருவோம், எனக்கு நிஜமாகவே கைகொடுத்தது இந்தப் பகுதிதான். நான் பல வருஷம் மெதுவாக, சுத்தமாக வாசிக்கப் பழகியவன், கில்மோரின் சோலோக்களை ஒவ்வொரு சுரமாக நகலெடுத்துக்கொண்டிருந்த ஆள். பாரெட் அப்படிப்பட்ட வாசிப்பாளர் இல்லை, அவரை நகலெடுக்கவும் முடியாது. ஃபெண்டர் எஸ்கொயர் கிட்டாரில் வட்ட வட்டமாகக் கண்ணாடி ஒட்டி வைத்திருப்பார், மேடையில் வெளிச்சம் பட்டால் தெறிக்கும். ஜிப்போ லைட்டரை எடுத்துக் கம்பிகள் மேல் இழுப்பார். கூடவே பின்சன் எக்கோரெக் என்ற இத்தாலிய எக்கோ பெட்டி. மற்ற எக்கோ இயந்திரங்களில் டேப் ஓடும், இதில் சுழலும் உலோக உருளையில் ஒலி பதியும், அதைச் சுற்றி வரிசையாகப் பல வாசிப்புத் தலைகள், அதனால் எதிரொலி ஒரே சீராக வராமல் கொத்துக் கொத்தாக வரும். ஏ.எம்.எம். என்ற குழுவின் கீத் ரோ கிட்டாரைப் படுக்கப்போட்டு அதன் மேல் பொருள்களை வைத்து ஒலி எழுப்புவதை இவர் பக்கத்தில் இருந்து பார்த்திருக்கிறார். 'இன்டர்ஸ்டெல்லர் ஓவர்டிரைவ்' நடுப்பகுதியில் கேட்கும் உரசல், கீறல், விசில் எல்லாவற்றுக்கும் வேர் அங்கே. பேரண்டத்தின் ஓசை என்று இதையும் சொல்லுவார்கள், சொல்லிக்கொள்ளட்டும்.

வீட்டில் செய்து பார்க்க விரும்பினால்: உலோக லைட்டர் எதுவானாலும் சரி, கொஞ்சம் கனமாக இருக்க வேண்டும், விளிம்பு கூராக இருக்கக் கூடாது. பெட்ரோல் இல்லாத காலி லைட்டராக எடுங்கள், ஒழுகினால் ஃப்ரெட்போர்டு பாழ். கம்பியை அழுத்தாதீர்கள், லேசாகத் தொட்டால் போதும், அழுத்தினால் ஃப்ரெட்டில் இடித்து டக்டக்கென்று சத்தம் வரும். மெல்லிய கம்பியில் இது சரிப்படாது, பதினொன்று கேஜ் (கம்பியின் தடிமன் அளவு) போட்ட பிறகுதான் எனக்கு ஒழுங்காக வந்தது. பின்சன் இன்று கிடைப்பதும் கஷ்டம், விலையும் தாங்காது; சாதாரண டிலே பெடலில் நேரத்தை 300 மில்லிசெகண்டுக்குப் பக்கத்தில் வைத்து, ஃபீட்பேக் குமிழை அது தானாக ஊளையிட ஆரம்பிப்பதற்குக் கொஞ்சம் முன்னால் நிறுத்துங்கள். அப்புறம் எதிரொலியோடு சண்டை போடாமல், அது ஓய்ந்துகொண்டிருக்கும்போதே அடுத்ததைப் போடுங்கள். கட்டிடம் அதிர்கிற மாதிரி சத்தம் வைக்கத் தேவையே இல்லை, அடுக்குமாடி வீட்டில் இருக்கிறவர்கள் ஹெட்ஃபோனிலேயே செய்யலாம். அந்தப் பாட்டின் தலைமை மெட்டைச் சுரம் தெரியாதவர்கள்கூடப் பிடித்துவிடலாம், அரை சுரம் அரை சுரமாகக் கீழே இறங்கி ஈ-யில் வந்து உட்காரும். மேலாளர் ஜென்னர், லவ் என்ற அமெரிக்க ராக் குழுவின் ஒரு பாட்டைத் தப்பும் தவறுமாக முணுமுணுத்துக் காட்டியபோது அதைப் பின்தொடர்ந்து பாரெட் பிடித்ததாம் அது. வானத்திலிருந்து இறங்கியது என்று சொல்லப்படும் மெட்டு, சுருதி சேராத ஒரு மேலாளரின் வாயிலிருந்து வந்திருக்கிறது.

தனி ஆல்பங்கள் இரண்டு, 'த மேட்கேப் லாஃப்ஸ்', 'பாரெட்', இரண்டும் 1970. இவற்றை வாசிக்கப் போனால்தான் உண்மையான தலைவலி. என்னோடு டிரம்ஸ் வாசிக்கும் தம்பி ஒருவன், நல்ல தாளக்காரன், எந்தப் பாட்டைப் போட்டாலும் இரண்டு சுற்றில் பிடித்துவிடுவான். 'நோ குட் ட்ரையிங்' போட்டேன். கொஞ்ச நேரம் கேட்டுவிட்டுக் குச்சியைக் கீழே வைத்துவிட்டான். "அண்ணா, இதுல 'ஒண்ணு' எங்க விழுது?" என்றான். "தெரியாதுடா" என்றேன். உண்மையிலேயே தெரியாது. ஒரு வரி நாலு அடியில் முடியும், அடுத்தது ஐந்தரை, அதற்கடுத்து ஒரு சொல் நீண்டுவிட்டதால் கூட இரண்டு. பதிவு செய்த விதமே தலைகீழ்: முதலில் பாரெட் கிட்டாரும் குரலுமாகப் பாடி வைத்துவிட்டார், அதற்கு மேல் சாஃப்ட் மெஷின் குழுவினர் வந்து டிரம்ஸும் பேஸும் ஆர்கனும் சேர்த்தார்கள். இது எந்தச் சுருதி என்று அந்தக் குழுவின் டிரம்மர் ராபர்ட் வயட் கேட்டால் பாரெட்டிடமிருந்து 'ஆமாம்' என்றுதான் பதில் வருமாம். காதைத் தீட்டிக்கொண்டு கேட்டால் டிரம்ஸ் பல இடங்களில் ஒரு நூலிழை பின்னால் வருவது தெரியும், பாவம், அடுத்து எங்கே திரும்புவார் என்று ஊகித்துக்கொண்டே வாசித்திருக்கிறார்.

நாங்கள் கடைசியில் கண்டுபிடித்த வழி, எண்ணுவதை விட்டுவிடுவது. தம்பி பாட்டின் சொற்களை மனப்பாடம் செய்தான். நான் பாட, அவன் என் வாயைப் பார்த்து, வரியின் முதல் சொல்லில் கிக் டிரம்மை வைத்தான். அடுத்த வரி எப்போது வருகிறதோ அப்போது அடுத்த கிக், நடுவில் நேரத்தைச் சிம்பலில் ஓட்டிக்கொள்வது. விருத்தம் பாடும்போது பக்கத்தில் வயலின்காரர் பின்தொடர்வாரே, அந்த மனநிலை வேண்டும். பழகிவிட்டால் ரொம்பச் சுகம். மெட்ரோனோம் போட்டுப் பதிவு செய்யும் பழக்கம் உள்ளவர்கள் ஒரு பாட்டையாவது இப்படி, குரலை முதலில் வைத்து, பதிவு செய்து பாருங்கள், சொல்லுக்கு எவ்வளவு மூச்சு தேவை என்று அப்போது தெரியும். தொடக்கத்துக்கு 'டெர்ராபின்' நல்லது, மெதுவாகப் போகும், ஆளைக் கவிழ்க்காது.

போதை பற்றிச் சொல்லாமல் விட்டால் நழுவுகிறேன் என்பார்கள். அவர் எல்.எஸ்.டி. நிறைய எடுத்தார், மேண்ட்ராக்ஸ் என்ற தூக்க மாத்திரையும். 1967 முடிவதற்குள் மேடையில் வாசிக்காமல் நிற்க ஆரம்பித்தார், 1968 ஜனவரியில் கில்மோர் குழுவில் சேர்ந்தார், ஏப்ரலில் பாரெட் விலகியது அறிவிக்கப்பட்டது. காரணம் மருந்தா, ஏற்கெனவே இருந்த மனநிலையா, இருபத்தோரு வயதில் தலையில் விழுந்த புகழும் ஓயாத கச்சேரிகளுமா என்று கூட இருந்தவர்களே ஆளுக்கொன்று சொல்கிறார்கள். தள்ளி இருந்து பார்க்கிற எனக்குத் தெரிகிற ஒன்று, நல்ல பாட்டுகளில் பெரும்பான்மை அவர் ஒழுங்காக இருந்த, படித்துக்கொண்டும் படம் வரைந்துகொண்டும் இருந்த குறுகிய காலத்தில் எழுதியவை. மருந்து பாட்டு கொடுத்தது என்றால் மருந்து கூடக் கூடப் பாட்டும் கூடியிருக்க வேண்டுமே, நடந்தது அப்படி இல்லை. இதை இசைக்காரப் பையன்களிடம் நான் நேராகவே சொல்வதுண்டு. சிலர் முறைப்பார்கள்.

வேலை நிமித்தம் கேம்பிரிட்ஜில் சில காலம் இருந்தேன். ரயில் நிலையத்தை ஒட்டித் தெற்கே நீளும் ஹில்ஸ் ரோடு, அதில் 183ஆம் எண் அவர் வளர்ந்த வீடு. தெருவோடு போகும்போது பார்க்கலாம், சாதாரண வீடு. கேம் ஆற்றங்கரையில் கிராண்ட்செஸ்டர் புல்வெளி வரை நடப்பதற்கு நான் எல்லோருக்கும் சிபாரிசு செய்வேன், பாட்டில் வரும் நிலக்காட்சி முழுக்க அங்கே இருக்கிறது, தலையணை மாதிரிப் புல், மாடுகள், ஆற்றில் தலைமுடியை விரித்துப்போட்ட வில்லோ மரங்கள். அவர் கடைசிவரை வாழ்ந்த சிறிய வீட்டுப் பக்கம் மட்டும் போகவில்லை. உயிரோடு இருந்த காலத்தில் ரசிகர்களும் பத்திரிகைக்காரர்களும் கதவைத் தட்டித் தட்டி அந்த மனுஷனை ஒரு வழி பண்ணிவிட்டார்கள், இப்போது அங்கே வேறு யாரோ குடியிருக்கிறார்கள், அவர்கள் ஜன்னலைப் படம் எடுத்து நமக்கு என்ன ஆகப்போகிறது.

அந்த முப்பது வருஷமும் இருட்டில் உட்கார்ந்திருந்தார் என்பதும் சரியில்லை. சிட் என்ற பெயரை விட்டுவிட்டு ரோஜராகவே இருந்தார், சைக்கிளில் கடைக்குப் போனார், தோட்டம் போட்டார், மரச்சாமான் செய்தார். படம் வரைவார், வரைந்ததைப் புகைப்படம் எடுத்துக்கொள்வார், படத்தை அழித்துவிடுவார். 1975 ஜூன் 5 அன்று அபே ரோடு ஸ்டுடியோவில், தன்னைப் பற்றிய பாட்டையே பழைய நண்பர்கள் மிக்ஸ் செய்துகொண்டிருந்தபோது, மொட்டைத்தலையும் மழித்த புருவமுமாக வந்து நின்று யாருக்கும் அடையாளம் தெரியாமல் போன கதையை எல்லோரும் சொல்வார்கள், தோட்டக் கதையை யாரும் சொல்வதில்லை. 2006 ஜூலை 7, கணையப் புற்றுநோயில் இறந்தார், வயது அறுபது. அதே ஆண்டு நவம்பரில் அவர் பொருள்களை ஏலம் விட்டார்கள்: சைக்கிள்கள், கையால் செய்த மரச்சாமான்கள், ஓவியங்கள், கலை பற்றிய குறிப்புகள், புத்தகங்கள்.

புதிதாகக் கேட்க ஆரம்பிக்கிறவர்களுக்கு என் வரிசை: முதலில் 'சீ எமிலி ப்ளே', 1967இல் பிரிட்டிஷ் பட்டியலில் ஆறாவது இடம் வரை போன சிங்கிள், மூன்று நிமிடத்துக்குள் அவருடைய எல்லா வித்தையும் இருக்கும். அப்புறம் முதல் ஆல்பம் முழுசாக, முடிந்தால் மோனோவில், பாட்டுகளின் இறுக்கம் அதில்தான் தெரியும். 'இன்டர்ஸ்டெல்லர் ஓவர்டிரைவ்' மட்டும் ஸ்டீரியோவிலும் ஒருமுறை, ஹெட்ஃபோனோடு, ஏனென்றால் கடைசியில் ஒலி இந்தக் காதுக்கும் அந்தக் காதுக்குமாக ஊசலாடும். 2007இல் வந்த நாற்பதாம் ஆண்டுப் பதிப்பில் இரண்டும் உண்டு. அதற்குப் பிறகு இரண்டாவது ஆல்பத்தின் கடைசிப் பாட்டான 'ஜக்பேண்ட் ப்ளூஸ்', சால்வேஷன் ஆர்மி பித்தளை வாத்தியக்காரர்கள் நடுவில் வந்து ஊதிவிட்டுப் போவார்கள். தனி ஆல்பங்களுக்கு அவசரப்பட வேண்டாம், நேராக அங்கே போனால் கதைதான் கேட்கும், பாட்டு கேட்காது. பழைய எல்.பி. வாங்குகிறவர்கள் ஒன்று கவனிக்க வேண்டும்: 1967இன் அமெரிக்கப் பதிப்பு 'சீ எமிலி ப்ளே'யில் தொடங்கும், 'அஸ்ட்ரானமி டாமினி', 'ஃப்ளேமிங்', 'பைக்' மூன்றும் அதில் கிடையாது, ஆகவே காசு கொடுப்பதற்கு முன் பின்னட்டையைத் திருப்பிப் பாட்டுப் பட்டியலைப் பார்த்துவிடுங்கள்.